பூசைக்கு முன் ஒரு டீ

"மறு கல்யாணம் ஆயிருக்காம்மா? இல்லைன்னு போட்டுடட்டா?"

கேட்டவர் ஒரு வங்கி ஊழியர். கேட்ட இடம் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு வங்கியின் நடு ஹால். குரல்? ஷேர் ஆட்டோவுக்கு 'தாம்பரம், தாம்பரம்' என்று ஆள் ஏற்றுகிற குரல். ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போன நவம்பரில் நடந்தது இது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. காரணம், பயம். எனக்கும்தான்!

நவம்பர் வந்தால் பென்ஷன் வாங்குகிறவர்கள் 'நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா? உங்கள் வீட்டுப் பெரியவர்களை நீங்களும் அழைத்துப் போயிருப்பீர்கள். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற பெண்களுக்கு அதோடு கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. அதைத்தான் அவர் அப்படிக் கேட்டார்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மாமி, எழுபதைத் தாண்டியவர், அதே கேள்விக்கு, "ஏம்ப்பா, நல்ல இடமா இருந்தா நீயே பாரேன்" என்று சொல்லி ஹாலையே சிரிக்க வைத்திருந்தார். நானும் சிரித்தேன். அடுத்து ஸ்டெல்லாவின் முறை.

ஸ்டெல்லா எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் குடியிருப்பவள். வயது நாற்பத்தி மூன்று. என் ரவிக்கைகள் எல்லாம் அவள் தைத்தவைதான். அவள் கணவர் மத்திய அரசு வேலையில் இருந்தவர். மகள் பெனிட்டா எட்டாவது படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். வாடகையும் பெனிட்டாவின் காலேஜும் அந்தப் பென்ஷனில்தான் ஓடுகின்றன. தையல் வருமானம் பால், காய்கறிக்குச் சரி. (பெயர்கள் எல்லாம் மாற்றியவை. 'பேரை மாத்திடுக்கா, கதையை மாத்தாத' என்பது அவள் போட்ட கண்டிஷன்.)

அந்த ஊழியர் செல்போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "கண்ணைச் சிமிட்டுங்கம்மா."

இப்போதெல்லாம் கண்ணைச் சிமிட்டினால்தான் உயிர் இருப்பதாக அர்த்தம். ஸ்டெல்லா சிமிட்டவில்லை. கண் இரண்டும் அகலமாகத் திறந்தபடி நின்றன.

"சிமிட்டுங்கம்மா... போட்டோ புடிக்கற மாதிரி நிக்கறீங்க?"

எப்படியோ சிமிட்டினாள். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.  "சார், பாத்ரூம் போயிட்டு..." என்று சொல்லிவிட்டு, கைப்பையை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

போனவள் வரவே இல்லை.

போன் கைப்பைக்குள் இருக்கிறது. நான் கூப்பிடக் கூப்பிட என் மடிதான் அதிர்கிறது. வங்கிப் பாத்ரூமில் ஆள் இல்லை. ரோட்டைப் பார்த்தால் லாரியும் பஸ்ஸும் சீறிக்கொண்டு போகின்றன. என்னென்னவோ நினைத்துவிட்டேன். கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் கண்டுபிடித்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இடித்துக்கொண்டு போக, கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி இது? உயிரே போயிடுச்சு எனக்கு!"

"அக்கா, இல்லைன்னு சொன்னா பொய். ஆமான்னு சொன்னா சோறு போயிடும். நான் என்னத்தக்கா சொல்றது?"

 யாரோடு, எப்போது, எப்படி? எனக்குத் தெரியாமலா?

ஜெரோமோடு. பொழிச்சலூர்க்காரர், ஏசி மெக்கானிக். மனைவி இறந்து சில வருடமாகத் தனியாக இருப்பவர். என் வீட்டு ஏசியைச் சரிசெய்ய வந்தவர் அவர். போன வருடம் என் ஏசி ஏன் அத்தனை தடவை மக்கர் செய்தது, வந்தவர் ஏன் ஒவ்வொரு தடவையும் கீழ் போர்ஷன் வாசலில் ஷூவைக் கழற்றினார் என்பதெல்லாம் அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு விளங்கியது. நானெல்லாம் எழுத்தாளராம்!

"கல்யாணம் எங்கடி நடந்துச்சு?"

"மே மாசம். கடலோரத்துல ஒரு மாதா கோயிலுக்குப் போனோம்க்கா. மாதா சொரூபத்துக்கு முன்னாடி மோதிரம் மாத்திக்கிட்டோம். ஃபாதர் இல்ல, சாட்சி இல்ல. மாதா மட்டும்தான். அன்னிக்கு அங்கயே தங்கிட்டு வந்தோம்."

ஃபாதர் வேண்டாம் என்று முடிவெடுத்தவள் அவள்தான். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில், மைக்கில், மணமக்கள் பெயரைச் சொல்லி, 'இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்க வேண்டும்' என்று அறிவிப்பார்கள். ஊரே கேட்கும். ஸ்டெல்லாவின் கொழுந்தன் சகாயமும் அதே கோயில்தான்; ஞாயிறு தவறாமல் ஆண்கள் பக்கம் முன் வரிசையில் உட்காருபவர். அண்ணன் பென்ஷனைப் பற்றி அவர் ஒரு மனு தட்டிவிட்டால்? அதனால் ஓலையும் வேண்டாம், ஃபாதரும் வேண்டாம், கடவுளுக்குத் தெரிந்தால் போதும், கவர்ன்மென்ட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

கணக்கு எங்கே இடித்தது தெரியுமா? கோயிலில்தான்.

பூசையில் நன்மை கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். வரிசையில் போய் அப்பம் வாங்குவது. கோயில் கல்யாணம் இல்லாமல் ஒருவரோடு வாழ்ந்தால் நன்மை வாங்கக் கூடாது. மே மாதத்திலிருந்து ஸ்டெல்லா வாங்கவில்லை. வாங்காமல் உட்கார்ந்திருப்பது எளிதா? பெஞ்சில் இருக்கிற எல்லோரும் எழுந்து போவார்கள். உட்கார்ந்திருப்பவள் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிட வேண்டும். ஒவ்வொருத்தியும் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்ப்பாள். என்னடி, நீ வரலையா?

அதற்கு ஸ்டெல்லா ஒரு வழி கண்டுபிடித்தாள். நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாவது எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் தவிர. ஆகவே ஞாயிறுதோறும் கோயிலுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நின்று, பூசை மணி அடிக்கும்போது ஒரு டீ குடித்துவிட்டு உள்ளே போவாள். யாராவது கேட்டால், "டீ குடிச்சிட்டேன்க்கா, அதான் போகல." உண்மைதானே? பொய் இல்லையே!

சிரிக்கத் தோன்றுகிறதா? எனக்கும் முதலில் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. ஒரு பொய் சொல்லக் கூடாது என்பதற்காக ஏழு மாதமாக டீ குடிக்கிறவள், கவர்ன்மென்ட் கேட்கும்போது எப்படிப் பொய் சொல்வாள்?

மறுநாளே ஃபாதரைப் பார்க்கப் போனோம். போகலாம் என்றது நான். வாசல் வரை வந்து திரும்பிவிடப் பார்த்தது அவள். கோயில் அலுவலகத்தில் ஃபாதர் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பல்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான் ஸ்டாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மோதிரம் மாத்திக்கிட்டது கல்யாணம் இல்லம்மா" என்றார் ஃபாதர். "மாதா எல்லாத்தையும் பார்க்கறாங்க. அதுக்காக நாமளே கல்யாணத்தை நடத்திக்க முடியாது."

"அப்ப கோயில்ல மட்டும் வெச்சுக்கலாமா ஃபாதர்? கவர்ன்மென்ட்டுக்குத் தெரியாம?"

"இங்க நடக்கற கல்யாணமே சட்டப்படி கல்யாணம்தாம்மா. இங்க கையெழுத்து போட்டா அதோட நகல் கவர்ன்மென்ட்டுக்கும் போகும். தனித்தனியா எதுவும் இல்ல." கொஞ்சம் பொறுத்து, "உனக்கு என்னம்மா தடை? அவரும் தனி ஆள், நீயும் தனி ஆள். மரணத்தோட அந்தக் கல்யாணக் கட்டு முடிஞ்சுபோச்சு. சபையில உன்னை யாரும் தாழ்வா நினைக்க முடியாது. எதுக்குப் பயம்?"

"சோத்துக்கு ஃபாதர்" என்றாள் ஸ்டெல்லா.

 ஃபாதர் ஸ்டாரை மேஜை மேல் வைத்தார்.  அதற்குப் பதில் இருப்பதாக அவர் நடிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்ததும்தான் எனக்கு உறைத்தது. கோயில் கணக்கில் இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கவர்ன்மென்ட் கணக்கிலும் ஆகவில்லை. ஆக, வங்கியில் தைரியமாக 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம்! ஆனால் சொல்லிவிட்டால்? வருடா வருடம் 'இல்லை' என்று சொல்லிக்கொண்டு, ஞாயிறுதோறும் டீ குடித்துக்கொண்டு, சாகிற வரைக்கும் முழங்காலை ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கவுண்டரில் கல்யாணம் ஆகாதவளுக்குத்தான் சோறு. இன்னொரு கவுண்டரில் கல்யாணம் ஆனவளுக்குத்தான் நன்மை. கேள்வி என்னவோ ஒன்றுதான்.

இது கிறிஸ்தவர்கள் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பல்லாவரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் வீட்டில், ஜமாத் பெரியவர்களே நல்ல மாப்பிள்ளை பார்த்து நிக்காஹ் பேசினார்கள். பென்ஷன் போய்விடும் என்று பெண் மறுத்துவிட்டாள். எங்கள் இந்து வீடுகளிலோ பூ வைக்கலாமா, பொட்டு வைக்கலாமா, கல்யாண வீட்டில் முன்னால் நிற்கலாமா என்பதிலேயே பாதி ஆயுள் போய்விடுகிறது. பென்ஷன் வரைக்கும் பேச்சே வருவதில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் இதைப் புலம்பினேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "நான் போனப்புறம் நீ தாராளமா பண்ணிக்கோ. பென்ஷனை மட்டும் விட்டுடாதே" என்றார். முப்பது வருட தாம்பத்தியம்!

கீழ்க்கட்டளையில் ஒரு சார் இருக்கிறார், பென்ஷன் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். அவரிடம் போனோம். நான் ஏகப்பட்ட சாமர்த்தியத்தோடு, "என் ஃபிரண்டோட ஃபிரண்டு ஒருத்தி..." என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் ஸ்டெல்லா ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தாள். சாரின் மனைவி காபியைக் கொண்டுவந்து நேராக அவளிடம் கொடுத்து, "பயப்படாதீங்கம்மா, இவர் யார்கிட்டயும் சொல்ல மாட்டார்" என்றார். என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

சார் நிதானமாகச் சொன்னார். "கல்யாணம் நடக்கற வரைக்கும் பென்ஷன் உங்களுது. நடந்த தேதியிலேருந்து நின்னுடும். நீங்களே எழுதிக் கொடுத்துடணும். மறைச்சு வாங்கினா அத்தனையும் திருப்பிக் கேட்பாங்க. கேஸ்கூட ஆகும். ஆனா ஒண்ணும்மா, பணம் அப்படியே போயிடாது. பொண்ணு இருக்கா இல்ல? அவளுக்கு மாறும். இருபத்தஞ்சு வயசு, இல்ல வேலை, இல்ல கல்யாணம், எது முன்னாடி வருதோ அதுவரைக்கும்."

(இதை வைத்து நீங்கள் முடிவெடுக்காதீர்கள். துறைக்குத் துறை விதி வேறு, பிள்ளை இல்லாதவர்களுக்கு வேறு. விசாரித்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் முன்னைவிட வெளுத்துப்போயிருந்தது.

"என்னடி, நல்ல சேதிதானே?"

"பெனிட்டாகிட்ட சொல்லணுமேக்கா."

அப்போதுதான் தெரிந்தது, வங்கியிலிருந்து அவள் ஓடியதற்குக் காரணம் யார் என்று. கவர்ன்மென்ட் இல்லை, ஃபாதர் இல்லை, சகாயமும் இல்லை. அப்பாவின் வாட்ச்சை இன்னமும் கையில் கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போகிற பெண். மணிக்கட்டைவிடப் பெரிய டயல். வார் தளர்ந்து முழங்கை வரைக்கும் போகும்; தள்ளித் தள்ளி விட்டுக்கொள்வாள்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள், "நீ கூட இருக்கணும்க்கா. நீ இல்லன்னா என்னால முடியாது" என்று என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். பெனிட்டா காலேஜ் விட்டு வந்து, தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.  இந்தப் பெண் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால்? சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிவிட்டால்?

"பெனி... ஜெரோம் அங்கிள்..." அதற்கு மேல் ஸ்டெல்லாவுக்கு வரவில்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும்மா. உனக்கு டீ வாசனையே ஆகாது. ஆன்ட்டி வீட்லகூட காபிதான் குடிப்ப. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு எதிர்ல நின்னு, மூச்சைப் புடிச்சுகினு டீ குடிக்கற. நான் என்ன லூசா?"

அடக் கடவுளே! வாரத்துக்கு நாலு நாள் என் வீட்டில் காபி குடிக்கிறவள். எனக்கு இது தோன்றவே இல்லை.

ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் பென்ஷன் விஷயத்தைச் சொன்னேன். இனி அது பெனிட்டாவின் பெயருக்கு வரும் என்றேன். நல்ல சேதியைச் சொல்கிற குரலில்தான் சொன்னேன். பெனிட்டா முறுக்கைக் கீழே வைத்தாள்.

"அப்பா காசை என் தலையில கட்டிட்டு நீ போயிடுவியா?"

"ஐயோ, இல்லடி! நீயும்தான் கூட வரப் போற. நான் எங்க..."

"இரு. எனக்கு எது வரைக்கும் வரும்?"

சொன்னேன். வயது, வேலை, கல்யாணம்.

"அப்ப இனிமே நவம்பர் நவம்பர் என்னை வெச்சுக் கேப்பாங்களா ஆன்ட்டி? 'கல்யாணம் ஆயிடுச்சாம்மா, இல்லைன்னு போட்டுடட்டா'ன்னு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.  அம்மாவின் பயத்துக்கு ஒரு வழி பண்ணிவிட்டோம் என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டிருந்தேன். அதை அப்படியே மகளின் கையில் கொடுத்திருக்கிறோம். பத்தொன்பது வயதில் இந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்ன பதில் சொல்வது? கேட்பார்கள் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

 வாட்ச்சை மணிக்கட்டுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டு பெனிட்டா கேட்டாள்.

"உனக்கு டீ புடிக்காதுன்னு அங்கிளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு வந்தா டீதான் போடுவேன். நானும் குடிப்பேன்."

"முதல்ல அதைச் சொல்லும்மா அவர்கிட்ட."

சம்மதம் என்று அவள் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த முறுக்கை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

நவம்பர் முடிவதற்குள் வங்கிக்குத் திரும்பவும் போனோம். அதே ஹால், அதே ஊழியர், அதே குரல். இந்தத் தடவை ஸ்டெல்லா கண்ணை ஒழுங்காகச் சிமிட்டினாள்.

"மறு கல்யாணம் ஆயிருக்காம்மா?"

"இன்னும் இல்ல சார்."

"இன்னும் இல்லைன்னா?"

"ஜனவரியில."

அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுல ஆமா, இல்லை ரெண்டுதாம்மா இருக்கு."

"அப்ப இல்லைன்னு போடுங்க. ஜனவரியில நானே வந்து ஆமான்னு சொல்றேன்."

ஹால் திரும்பிப் பார்த்தது.   அந்த ஊழியர் மட்டும் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "சந்தோஷம்மா."

கிறிஸ்துமஸ் முடிந்தது. ஓலை ஆரம்பித்தது.

இரண்டு பேரின் பங்கிலும், அதாவது அவரவர் கோயிலிலும், வாசிக்க வேண்டும். ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூர்க் கோயிலில் ஜெரோமுக்காக முதல் ஓலை வாசிக்கும்போது தலைக்கு மேல் விமானம் போயிருக்கிறது. "நம்ம பேரை ஃபிளைட் முழுங்கிடுச்சு ஸ்டெல்லா, ஒருத்தனுக்கும் கேக்கல" என்று அவர் போனில் சொல்லிச் சிரித்தாராம். குரோம்பேட்டையில் அந்தப் பாக்கியம் இல்லை. மைக் கணீரென்று இருந்தது.

மூன்று ஞாயிறும் நான் அவளோடு போய் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் பெனிட்டா. முதல் ஞாயிறு, 'தடை ஏதும் அறிந்தவர்கள்' என்று ஃபாதர் வாசித்த அந்த நொடியில் ஆண்கள் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம். பார்த்தால், சகாயம் எழுந்து நிற்கிறார்! ஸ்டெல்லாவின் நகம் என் கையில் பதிந்தது. நேராக ஃபாதரிடம் போவார், மைக்கைப் பிடுங்குவார் என்றுதான் நினைத்தேன். அவர் யாரையும் பார்க்காமல் நடு வழியாக நடந்து வெளியே போனார். பூசை முடியும் வரை உள்ளே வரவில்லை. அந்த வாரம் முழுக்க, கீழே கேட் சத்தம் கேட்டாலே ஸ்டெல்லா மிஷினை நிறுத்திவிடுவாள்.

இரண்டாவது ஞாயிறு அவர் வரவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாவது, போன ஞாயிறு. அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஸ்டெல்லா பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாள். ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாதாம். கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காலையில் கோயிலுக்குப் போகிற வழியில் டீக்கடைக்காரர் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் டம்ளரை நீட்டினார்.

"இந்தாக்கா, உன் டீ. இஞ்சி தட்டிப் போட்டுகீறேன்."

"வேணாம்ண்ணா" என்றாள் ஸ்டெல்லா.

"இன்னாக்கா, ஒடம்பு சரியில்லயா? எட்டு மாசமா நீ டீ குடிக்காம உள்ள போனதே இல்லியே?"

"இன்னைக்கு வேணாம்ண்ணா. இனிமேலும் வேணாம்."

அவர் முகம் வாடிவிட்டது. தன் டீயில்தான் ஏதோ குறை என்று நினைத்துவிட்டார், பாவம். நீட்டிய டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். பூசை மணி அடித்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு அவசர அவசரமாகக் குடித்துவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

சகாயம் வந்திருந்தார். மூன்றாம் ஓலையை ஃபாதர் வாசித்தார். ஜெரோம் பெயர், ஸ்டெல்லா பெயர், தடை ஏதும் அறிந்தவர்கள்...  எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கியது. ஆண்கள் பக்கம் பெஞ்சு நகரவில்லை. சகாயம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். அது சம்மதமா, கோபமா? இன்று வரை எங்களுக்குத் தெரியாது. அவர் இன்னும் பேசவில்லை.

வருகிற வாரம் கல்யாணம். அன்றோடு அவள் பென்ஷன் நின்றுவிடும். பெனிட்டா பெயருக்கு எப்போது மாறும் என்று கேட்டால், 'ஆகும்மா, ஆகும்' என்கிறார்கள். எப்போது ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெயில் காலம் வந்தால்தான் ஜெரோமுக்கு வேலை. அதுவரை எப்படி ஓடும் என்ற பயம் அவளுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. வரும் நவம்பரில் பெனிட்டாவை யார் அழைத்துப் போவது என்று இப்போதே பேச்சு. நான்தான், வேறு யார்?

ஆனால் போன ஞாயிறைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நன்மை நேரம் வந்தது. பெஞ்சில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஸ்டெல்லா உடனே எழவில்லை. பழக்கதோஷம், முழங்கால் தானாகவே ஒரு பக்கம் ஒதுங்கியது. பெனிட்டா அவள் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினாள். வாட்ச் முழங்கைக்கு இறங்கியது.

ஸ்டெல்லா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். வழியை மறித்து உட்கார்ந்திருந்தது நான்தான். நான் முழங்காலை ஒதுக்கிக்கொண்டேன். அம்மாவும் மகளும் என்னைத் தாண்டி வரிசைக்குப் போனார்கள். பின்னால் வந்த ஒரு அம்மாள் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'நீங்க வரலையா?' என்கிற பார்வை.

"டீ குடிச்சிட்டேங்க" என்றேன்.